அடியேன் முன்னால், துணை பின்னால்

காட்டுப்பன்றி எங்களை மூன்றாம் முறையாகக் கொன்றபோது பிற்பகல் மூன்றேகால் மணி. பரமத்தி வேலூரில் என் வீட்டுக் கூடத்தில், மின்விசிறிக்கு நேர்கீழே நான் அமர்ந்திருந்தேன். சங்ககிரியில், தம் லாரிப் பட்டறையின் முன்னறையில் சம்பந்தி செங்கோடன் அமர்ந்திருந்தார். அவருடைய கைப்பேசியின் வழியாகத் தகரம் தட்டும் ஓசை என் கூடத்துக்குள் வந்து விழுந்துகொண்டிருந்தது.

திரையில் நாங்கள் இருவரும் வெண்ணிற அங்கியும் கைக்கோலுமாகப் புல்வெளியில் கிடந்தோம். பன்றி எங்களைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டுப் புதருக்குள் போனது.

"சம்மந்தி, நான் உங்களுக்கு உசுரு ஏத்தீட்டேதான் இருந்தனுங்க," என்றார் அவர்.

"நானும் உங்களுக்குத்தானுங்க ஏத்தீட்டு இருந்தேன்."

"அப்ப பன்னிய அடிச்சது ஆருங்க?"

ஒருவரும் அடிக்கவில்லை. அதுதான் நேர்ந்த பிழை.

இத்தொடரில் இதுவரை நான் பதிகம் ஓதிய கோயில்களையும் பணியாற்றிய சார்பதிவாளர் அலுவலகங்களையும் பற்றியே எழுதிவந்தேன். இந்த வாரம் இணையத்தில் ஆடும் ஒரு மாயலோக விளையாட்டைப் பற்றி எழுதுவது சில அன்பர்களுக்கு வியப்பாக இருக்கலாம். அந்த ஆட்டத்தில் நான் கற்றது கோயிலில் கற்றதற்கு வெளியே இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நித்யா சொன்ன இலக்கணம்

நித்யா என் மகன் கார்த்திக்கின் மனைவி. செங்கோடனின் ஒரே மகள். இருவரும் பெங்களூரில் கணினி வேலையில் இருந்தார்கள். ஒரு பொங்கல் விடுமுறையில் அவள்தான் எனக்கு ஒரு தொடுதிரை டேப், தன் தந்தைக்கு ஒரு டேப் என்று வாங்கிவந்து, இரண்டிலும் அந்த விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. சம்பந்திகளாகிய நாங்கள் பண்டிகைக்குப் பண்டிகை பேசிக்கொண்டதெல்லாம் நான்கைந்து வாக்கியங்கள்தாம். நலமா, மழை உண்டா, வெற்றிலை விலை எப்படி, லாரிக்கு லோடு எப்படி என்று கேட்டு முடிந்ததும் இருவரும் கைப்பேசியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுவோம். நித்யாவுக்கு அது உறுத்தியிருக்கிறது.

அந்த உலகத்துக்குள் நுழையும் முன் ஒவ்வொருவரும் ஒரு வகுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வாளும் கேடயமும் ஏந்திய வீரன், நெருப்பு வீசும் மந்திரக்காரன், மறைந்து குத்தும் கள்வன், காயம் ஆற்றும் பூசாரி என்று பல. இருவராக ஆடுவோருக்கு ஒரு விதி உண்டென்று அவள் சொன்னாள். ஒருவர் முன்னால் நின்று பகையின் அடியையெல்லாம் தம் மேல் வாங்க வேண்டும். மற்றவர் பின்னால் நின்று, முன்னிற்பவரின் உயிரைக் காட்டும் சிவப்புக் கோடு குறையக் குறைய ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இருவரும் ஒரே வகுப்பாக இருந்தால் ஆட்டம் நடக்காது. முன்னிற்பவருக்கு 'டேங்க்' என்று பெயர்.

செங்கோடன் முப்பது ஆண்டுகள் டேங்கர் லாரி ஓட்டியவர். அந்தச் சொல்லை அவர் தம் வழியில் புரிந்துகொண்டார். சுமையை ஏற்றிக்கொண்டு முன்னால் போகிறவர் என்று பொருள் சொன்னார். நித்யா சிரித்தாள், ஆனால் திருத்தவில்லை.

"ரெண்டு பேரும் பேசி வெச்சு எடுங்க மாமா. ஒரே மாதிரி எடுத்தராதீங்க," என்று சொல்லிவிட்டுத்தான் பேருந்து ஏறினாள்.

நாங்கள் பேசி வைக்கவில்லை. சம்பந்திகள் அப்படியெல்லாம் பேசி வைப்பதில்லை.

வாசலில் நின்ற கால் மணி நேரம்

நான் பூசாரியைத் தேர்ந்ததற்குப் பக்தி காரணமன்று. நான் மாப்பிள்ளையின் தகப்பன். பெண்ணைக் கொடுத்தவருக்கு முன்னால் போய் மார்பை நிமிர்த்தி நிற்பது மாப்பிள்ளை வீட்டு மிடுக்காகத் தோன்றும் என்று அஞ்சினேன். பின்னால் நின்று அவருக்குத் தொண்டு செய்வதே பண்பு என்று முடிவு செய்தேன்.

அவர் பூசாரியைத் தேர்ந்த காரணத்தைப் பன்றியிடம் மாண்ட பிறகுதான் சொன்னார். அதற்குத் திருமண நாளுக்குப் போக வேண்டும். நாங்கள் மாப்பிள்ளையோடு மண்டபத்துக்குச் சென்று இறங்கியபோது எதிர்கொண்டு அழைக்கப் பெண்ணின் தந்தை வாசலில் இல்லை. ஜெனரேட்டர் ஏற்றிவந்த வண்டி வழியில் நின்றுபோய், அதைச் சரிசெய்ய அவரே ஓடியிருந்தார். கால் மணி நேரம் நாங்கள் வாசலில் நின்றோம். என் பெரியப்பா ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். கிரீஸ் கறையோடு ஓடிவந்த செங்கோடன் அதைக் கேட்டுவிட்டார். எனக்கு அது அன்றே மறந்துபோயிற்று.

"அன்னைக்கு வாசல்ல முன்னால நிக்காதவன், இன்னைக்கு உங்களுக்கு முன்னால போயி நிக்கறதாங்க? எனக்குப் பின்னாலதான் எடம்," என்றார்.

ஆக, அவர் எனக்கு மரியாதை செய்யப் பின்னால் நின்றார். நான் அவருக்கு மரியாதை செய்யப் பின்னால் நின்றேன். முன்னால் பன்றி மட்டும் இருந்தது. பூசாரிக்கும் கோலால் ஒரு சிறு அடி அடிக்க முடியும். ஆனால் சம்பந்தி அடிபட்டுக்கொண்டிருக்கையில் அவரைக் கவனியாமல் பன்றியைக் கவனிப்பது எங்கள் இருவருக்குமே கைவரவில்லை.

பெயர் சூட்டல்

ஆட்டத்தில் நாங்கள் சூடிய பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் 'அடியேன்' என்று வைத்துக்கொண்டேன். இளமை முதல் வாயில் ஊறிய சொல் அது. செங்கோடன் தம் முதல் லாரியின் நெற்றியில் எழுதியிருந்த தெய்வப் பெயரை முழுதாக இட முயன்றார். எழுத்துகள் மிகுந்துவிட்டனவென்று விளையாட்டு மறுத்துவிட்டது. தெய்வத்தின் பெயரைக் குறுக்க மனம் வராமல், அதன் பின்னால் இருந்த 'துணை' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டார்.

பன்றிக்குப் பிறகு நாங்கள் வகுப்பை மீண்டும் தேர்ந்தோம். இம்முறை பார்ப்பவர் எவரும் சொல்லக்கூடிய ஏற்பாட்டைச் செய்தோம். திடமான உடம்பும் உரத்த குரலும் உடைய செங்கோடன் வீரன். பதிகம் ஓதும் நான் பூசாரி. அதுவும் தோற்றது.

செங்கோடனால் முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டு போக முடியவில்லை. வண்டியோட்டியின் கண் நொடிக்கொருமுறை பக்கக் கண்ணாடிக்குப் போய்வரும். திரையிலும் அவர் அடிக்கடி திரும்பி, நான் வருகிறேனா என்று பார்த்தார். அப்படித் திரும்பும்போதெல்லாம் பகை அவர் முதுகில் அடித்தது. நானோ, சிவப்புக் கோட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் அந்த உலகத்துக் கோபுரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே பிற்பகலில் எட்டு முறை அவரைச் சாகவிட்டேன்.

எட்டாம் முறையும் அவர் கோபிக்கவில்லை. தேநீர் வந்திருக்க வேண்டும். உறிஞ்சும் ஓசை கேட்டது.

"சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. எடத்த மாத்திக்கலாங்க. நீங்க ஆபீஸ் சன்னல்ல உக்காந்துட்டு ஊரு வசவையெல்லாம் அசையாம வாங்குனவரு. நீங்க முன்னால நில்லுங்க. எனக்கு மீட்டர் பாக்கற வேலையக் குடுங்க. சூடு ஏறுதா, ஆயில் எறங்குதான்னு முப்பது வருசம் அதையேதானுங்க பாத்தேன்."

அப்படித்தான் அடியேன் முன்னால் போனான். துணை பின்னால் வந்தார்.

அடி

என் வாழ்நாளில் 'அடி' என்ற சொல்லைத் திருவடி என்ற பொருளில்தான் மிகுதியும் சொல்லியிருக்கிறேன். அந்த விளையாட்டில் அதன் இன்னொரு பொருளை நாள்தோறும் ஒரு மணி நேரம் அனுபவித்தேன். ஓநாய், கல்மனிதன், எலும்புப் படை என்று எது வந்தாலும் முதல் அடி அடியேனுக்கே.

முன்னிற்பவன் கற்க வேண்டிய பாடம் ஒன்றுதான்: திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினால் கேடயம் விலகும். பின்னால் இருப்பவர் இருக்கிறாரா, நீரருந்தப் போனாரா என்பது அவனுக்குத் தெரியாது. கோடு அடிவரை இறங்கும். இதோ முடிந்தது என்று தோன்றும். அப்போது எங்கிருந்தோ ஒரு வெண்ணொளி வந்து கோடு ஏறும்.

பதிகம் ஓதும் குழுவிலும் இதற்கு ஒப்பான ஒன்று உண்டு. காவிரிக் கரைக் கோயிலில் பிரதோஷந்தோறும் நான் முதலடியை எடுத்துக் கொடுப்பேன். பின்னால் பன்னிரண்டு பேர் வாங்கிப் பாடுவார்கள். எடுத்துக் கொடுப்பவன் சன்னிதியைப் பார்த்தே நிற்க வேண்டும். பின்னால் குரல் வருமா என்று திரும்பினால் சுருதி போய்விடும். ஆயினும் அத்தனை ஆண்டுகளும் இறைவன் எனக்கு முன்னால் இருந்து காக்கிறான் என்றே எண்ணிவந்தேன். காப்பவன் பின்னாலும் இருக்கக்கூடும் என்ற எண்ணம் எழுபதை நெருங்கும் வயதில், ஒரு கல்மனிதனிடம் அடி வாங்கும்போது வந்தது.

இரண்டு ஆண்டுகள் அப்படி ஆடினோம். ஆட்டத்தினூடே பேச்சும் வளர்ந்தது. தம் மனைவி இறந்த நாளைப் பற்றி அவர் சொன்னதும், என் ஓய்வு நாளன்று எவரும் வழியனுப்ப வராததைப் பற்றி நான் சொன்னதும் ஒரே குகைக்குள்தான்.

ரத்து

பிறகு கார்த்திக்கும் நித்யாவும் பிரிந்தார்கள். காரணம் அவர்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு முழுதும் தெரியாது. தெரிந்த சிறிதையும் இங்கே எழுத எனக்கு உரிமையில்லை. மணவிலக்குத் தீர்ப்பு வந்த அன்று நித்யா என்னைக் கைப்பேசியில் அழைத்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். "வெச்சர்றேனுங்க," என்றாள், சற்று நின்றாள், பிறகுதான் "மாமா" என்றாள். அந்தச் சிறு இடைவெளி எனக்கு இன்னும் கேட்கிறது.

என் மனைவி கமலம் அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். நிச்சயதார்த்த நாள் முதல் செங்கோடனை 'அண்ணா' என்று அழைத்துவந்தவள் அவள். சம்பந்தி வீட்டு ஆணை அப்படி அழைப்பதே எங்கள் பக்க வழக்கம். இப்போது ஒரே ஒரு முறை, "இனி அவங்க ஆரோ, நாம ஆரோ," என்று சொல்லி, டேபை பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தாள்.

நான் மறுக்கவில்லை. எனக்கே ஒரு தடை இருந்தது. கைப்பேசியை எடுத்தால் முதற்சொல் 'சம்மந்தி'தான். அந்தச் சொல் இனி செல்லாது. பதிவு அலுவலகத்தில் எத்தனையோ ரத்துப் பத்திரங்களைக் கையாண்டவன் நான். ஒரு பத்திரம் ரத்தானால் அதைப் பற்றி நின்ற உரிமைகளெல்லாம் போகும். பிள்ளைகள் எழுதிய பத்திரத்தைப் பற்றிக்கொண்டு நின்றவர்கள் நாங்கள். அது போனபின் அவரை என்னவென்று அழைப்பது?

எங்கள் ஆட்ட நேரமான மூன்று மணி வரும். மின்விசிறி சுழலும். நான் பஞ்சாங்கத்தைப் புரட்டுவேன். இப்படி ஒன்றரை மாதம் கழிந்தது.

சிவப்புக் குப்பிகள்

ஒருநாள் கமலம் சந்தைக்குப் போயிருந்தாள். நான் பீரோவைத் திறந்தேன்.

அடியேன், நான் விட்டுச்சென்ற ஊர்வாசலிலேயே தோன்றினான். அவ்வூரில் ஓர் அஞ்சல் பெட்டி உண்டு. ஆடுவோர் ஒருவருக்கொருவர் பொருள் அனுப்பிக்கொள்ளலாம். பெட்டி நிரம்பிவிட்டதென்ற அறிவிப்பு மின்னியது. திறந்தேன். ஒவ்வொரு அஞ்சலிலும் ஒரு சிவப்புக் குப்பி இருந்தது. அதை அருந்தினால் கோடு சற்று ஏறும். பின்னால் காப்பவர் இல்லாதபோது முன்னிற்பவன் தனக்குத் தானே பார்த்துக்கொள்ள வைத்திருப்பது. நாளுக்கு ஒன்றாக அனுப்பியிருந்தார். எதிலும் ஒரு சொல்லும் எழுதவில்லை.

நான் நிமிர்ந்தபோது வெண்ணிற அங்கி ஒன்று ஊர்வாசலுக்குள் வந்துகொண்டிருந்தது. மணி மூன்று. கைப்பேசியை எடுத்து அழைத்தேன். தகரம் தட்டும் ஓசை கேட்டது.

"நானுங்க," என்றேன்.

"சொல்லுங்க."

"குப்பி வந்துச்சுங்க."

"செரிங்க. போலாங்களா?"

எங்கள் வட்டாரப் பேச்சில் 'ங்க' என்று ஓர் ஒட்டு இருக்கிறது. அதன் அருமையை அன்றுதான் உணர்ந்தேன். முறைப்பெயர் ஒன்றும் சொல்லாமலே மரியாதை குறையாமல் எத்தனை நேரமும் பேசலாம். நாங்கள் அப்படித்தான் பேசினோம். அழைக்கும் சொல் இருந்த இடம் மட்டும் வெற்றிடமாக இருந்தது.

கமலத்திடம் நான் மறைக்கவில்லை. மூன்று மணி அடித்தால் கொல்லைப்புறம் போய்விடுவாள்.

பந்திக்கு முன்

சில மாதங்களுக்குப் பிறகு, என்னுடன் பணியாற்றிய ஒருவரின் மகளுக்குச் சங்ககிரியில் திருமணம். தவிர்க்க இயலாது. கமலமும் வந்தாள். பந்திக் கூடத்தின் வாயிலில், முந்தைய பந்தி எழுவதற்காகக் காத்து நின்றபோது நித்யாவின் தாய்மாமன் என்னைக் கண்டுவிட்டார். அந்த மணமகன் வீட்டார் அவருக்கு உறவென்று எனக்குத் தெரியாது.

"எங்க புள்ளய அழுக உட்டுப்போட்டு, இங்க வந்து எலையில உக்கார எப்படீங்க மனசு வந்துச்சு?" என்றார். அந்தக் கோபத்திலும் அவர் 'ங்க'வை விடவில்லை.

சுற்றிலும் பேச்சு அடங்கியது. அவர் நிறுத்தவில்லை. பிள்ளை வளர்த்த முறையைக் கேட்டார்; நெற்றியில் திருநீறு எதற்கென்று கேட்டார். பதிவு அலுவலகத்துச் சன்னலில் உட்கார்ந்த பழக்கத்தின்படி நான் அவருடைய தோளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதில் சிறிது உண்மையும் இருந்தது.

அப்போது என் முழங்கையில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. ஒரு டம்ளர் தண்ணீர். பின்னாலிருந்து நீண்டிருந்தது.

"குடிங்க," என்றது தாழ்ந்த குரல். "அவரு இன்னம் முடிக்கலீங்க. நில்லுங்க, நான் இருக்கறேன்."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. குடித்தேன். தாய்மாமன் மீண்டும் தொடங்கினார். சற்றுப் பொறுத்து இரண்டாவது டம்ளர் வந்தது. அதையும் குடித்தேன். அவருடைய குரல் தணிந்துவந்தது. பிறகு என் தோளுக்கு மேலாகப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, இவருக்குப் போயி தண்ணி மோந்து குடுத்துட்டு நிக்கறீங்க. எல்லாந்தான் முடிஞ்சு போச்சே. இவரு இனி உங்களுக்கு என்ன மொறைங்க?"

ஒன்றரை மாதம் பஞ்சாங்கத்தைப் புரட்டிக்கொண்டு நான் என்னையே கேட்ட கேள்வி அது. செங்கோடன் அவசரப்படவில்லை.

"மொறையெல்லாம் தெரியலீங்க. இவரு முன்னால நிப்பாரு. நான் பின்னால நிப்பேன். அவ்வளவுதானுங்க," என்றார்.

தாய்மாமனுக்கு அது விளங்கியிருக்க நியாயமில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார். பந்தி எழுந்தது. நாங்கள் போய் உட்கார்ந்தோம். செங்கோடன் எங்கள் வரிசைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்தார்.

திரும்பும் பேருந்தில் கமலம் சன்னலோரம் அமர்ந்திருந்தாள்.

"முன்னால நிக்கறப்ப, பின்னால ஆளிருக்கறது எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள்.

"திரும்பிப் பாக்கக் கூடாது."

"அப்பறம்?"

"அடி உழுகறப்பத் தெரியும்."

திருச்செங்கோட்டு மலை கண்ணில் பட்டதும் கைகூப்பினாள். கூப்பிய கையை இறக்காமலே சொன்னாள்: "அண்ணன் ரொம்ப எளச்சுப் போச்சுங்க. நாளைக்கு மூணு மணிக்குப் பேசறப்ப, நான் கேட்டேன்னு சொல்லுங்க."

அண்ணன் என்றாள். அவள் எண்ணிச் சொன்னாளா, வாய்ப்பழக்கத்தில் வந்ததா, நான் கேட்கவில்லை. ஆனால் பேருந்து வேலூர் சேரும்வரை அந்தக் கணக்கையே மனத்துக்குள் போட்டுவந்தேன். என் மனைவிக்கு ஒருவர் அண்ணன் என்றால் அவர் எனக்கு மைத்துனர். அதற்குப் பிள்ளைகள் யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை.

மறுநாள் மூன்று மணி. அடியேன் ஒரு குகையின் வாயிலில் நின்றான். உள்ளே ஏதோ உறுமியது. கமலம் கொல்லைப்புறம் போகாமல் என் அருகில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மச்சான், பின்னால இருக்கீங்களா?" என்றேன்.

பட்டறையில் தகரம் தட்டும் ஓசை நான்கைந்து முறை கேட்டது.

"இருக்கறனுங்க மாப்ள," என்றார் செங்கோடன். "நீங்க முன்னால போங்க."